நாற்பத்தொன்பது ரூபாய் வரை

8 ஜூலை 1987, புதன்

மழை இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை. மத்தியானம் வரை மின்சாரம் இல்லை. கணக்குப் பரீட்சை மட்டும் தவறாமல் இருந்தது.

சாயங்காலம் அப்பாவோடு லாலா கடைக்குப் போனேன். துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே லாலா வழக்கம்போல, "லிக் தூம், பாபுஜி?" என்றார். எழுதிக்கொள்ளட்டுமா, அடுத்த மாதம் கொடுத்தால் போதும் என்று அர்த்தம். டெல்லி கரோல்பாக்கில் எங்கள் சந்தில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் அவரிடம் கணக்கு உண்டு, எங்களைத் தவிர. அப்பாவும் வழக்கம்போல, கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி, "வேண்டாம் லாலாஜி. மைம் திவாலியா ஹூம்" என்றார். நான் திவாலானவன்.

"திவாலிக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே, பாபுஜி!" என்றார் லாலா. இந்தியில் திவாலி என்றால் தீபாவளி. நான் சிரித்துவிட்டேன். வெளியே வந்ததும் தலையில் ஒரு குட்டு. வலிக்கவில்லை. அப்பாவுக்குக் குட்டக்கூடத் தெரியாது.

அப்பா யாத்திரை பஸ் நடத்தினவர். ஊரிலிருந்து வரும் தமிழ்க் கூட்டத்தை ஹரித்துவார், காசி, பத்ரி என்று கூட்டிப்போவார். எண்பத்து நாலு குளிர்காலத்தில், கலவரத்துக்குப் பயந்து, ஒருத்தரும் டெல்லிப் பக்கமே வரவில்லை. பஸ் நின்றது. பஸ்ஸுக்கு வாங்கின கடன் நிற்கவில்லை. கடைசியில் தீஸ் ஹசாரி கோர்ட், மஞ்சள் கடுதாசி. அப்புறம் ஒரு சட்டம்: திவாலானவர் ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால், தான் திவால் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் குற்றம். வக்கீல் ஐம்பதுக்குச் சொல்லச் சொன்னார். அப்பா ஐந்துக்கே சொன்னார்.

போன வருஷம் கோர்ட் அப்பாவை விடுவித்துவிட்டது. அவர் வாயை மட்டும் இன்னும் விடுவிக்கவில்லை.

11 ஜூலை, சனி

அப்பா முகத்தில் இன்று வெளிச்சம். (வீட்டில் இல்லை. மறுபடியும் கரண்ட் போய்விட்டது.)

அப்பா டிக்கெட் எழுதும் டிராவல்ஸின் முதலாளி தட்சிணாமூர்த்தி சார் கூப்பிட்டாராம். டிசம்பரில் மலேசியாத் தமிழர்கள் முப்பது பேர் வருகிறார்கள். ஆக்ரா, ஹரித்துவார், காசி. கூட்டிப்போக அப்பாவை விட்டால் ஆள் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. வழியில் ஓட்டல், கார் எல்லாவற்றுக்கும் இப்போது கிரெடிட் கார்டு வந்துவிட்டது. மாணிக்கம் (அப்பாதான்) தன் பேரில் ஒரு கார்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும், செலவைக் கம்பெனி பின்னால் கட்டிவிடும்.

அம்மா மாவு பிசைந்துகொண்டே, "ரொக்கத்த உங்க கையில குடுக்கதுக்குப் பயம். அதத்தான் சுத்தி வளைச்சுச் சொல்லுதாரு" என்றாள்.

"இருக்கட்டும் தங்கம். மூணு வருசமா டிக்கெட்டு எழுதிட்டு இருக்கேன். மறுபடி ரோட்டுக்குப் போணும்."

அப்பா 'ரோடு' என்று சொன்ன விதத்தில் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. உடனே ஒரு ஜோக் சொல்லிச் சமாளித்தேன். நல்ல ஜோக் இல்லை. எழுத மாட்டேன்.

12 ஜூலை, ஞாயிறு

சரோஜினி நகரிலிருந்து வேணு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. மத்திய சர்க்காரில் அதிகாரி, மத்திய தொப்பையிலும் அதிகாரி. தரையில் கார்டு நோட்டீஸ்களைப் பரப்பிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தோம். பெண் பார்க்கிற வீடு மாதிரி இருந்தது. வந்திருப்பது மூன்று வரன்.

ஒன்று, மாப்பிள்ளைக் கார்டு. ஐந்து நட்சத்திர ஓட்டலில்தான் சாப்பிடும். வருஷச் சந்தா என்று சீர் தனி. நல்ல சம்பளம், நல்ல குடும்பம் வேண்டும். 'எப்போதாவது திவாலானதுண்டா?' என்று நேராகவே கேட்கிறது.

இரண்டு, மாமன் கார்டு. வேணு மாமாவுக்கு ஏற்கெனவே ஒரு கார்டு இருக்கிறது, அதில் அப்பா பேரையும் ஒட்டவைத்துக்கொள்ளலாம்.

மூன்று, மாமியார் கார்டு. ஒரு சர்க்கார் பேங்க் தருவது. முதலில் நம் பணத்தை டெபாசிட்டாக வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் வீட்டுக்குள்ளே விடும். அப்போதும் சந்தேகமாகவே பார்க்கும்.

"முதல் கார்டே போடுங்க அத்தான். திவால்ங்கற எடத்துல 'இல்ல'ன்னு எழுதுங்க. டெல்லில எவன் தீஸ் ஹசாரி வர போய்ப் பாக்கப் போறான்?"

அப்பா சொன்னார்: "கேக்காதவன்ட்டயே சொல்லிட்டுத் திரியுதேன் வேணு. கேக்கறவன்ட்ட இல்லன்னு சொல்லவா?"

"சரி, என் கார்டுல சேருங்க. ஒரு கையெழுத்து, சோலி முடிஞ்சுது."

"பில்லு உனக்கு வரும். பேரு மட்டும் எனக்கா?"

கடைசியில் மாமியார்தான் நிச்சயமானாள். டெபாசிட்டுக்கு? அம்மா ஃபிரிட்ஜ் வாங்கப் போஸ்ட் ஆபீசில் சேர்த்த பணம் செப்டம்பரில் வரும். ஃபிரிட்ஜ் பேங்க்குக்குப் போகிறது. இந்த வெயிலில்! ஐஸ் தண்ணீருக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினேன். அம்மா கரண்டியை எடுத்ததும் முடித்துக்கொண்டேன்.

14 ஜூலை, செவ்வாய்

எல்லோரும் கார்டு கார்டு என்கிறார்கள். எனக்கு மட்டும் ரேஷன் கார்டும் ப்ரோக்ரஸ் கார்டுமா? பிஸ்கட் பெட்டியை வெட்டி நானே ஒன்று செய்துவிட்டேன்.

பேங்க் ஆஃப் வடிவு, கரோல்பாக் கிளை.
இராஜமாணிக்கம் குடும்பத்துக்கு மட்டும்.
நாற்பத்தொன்பது ரூபாய் வரை.

வடிவு நான்தான். ஐம்பது ஆனால் சட்டம் வந்துவிடும் இல்லையா, அதற்காகத்தான் அந்த எல்லை. கீழே இந்தியிலும் எழுதினேன். லாலாவிடம் நீட்டி, "அமெரிக்காவில் இதுதான் பணம், லாலாஜி. லிக்கோ" என்றேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று. லாலா தொப்பை குலுங்கச் சிரித்தார். பக்கத்தில் கடலை எண்ணெய் வாங்கிய பாட்டிம்மாவுக்கும் காட்டினார். சிரித்து முடித்ததும் அட்டையின் பின்னால் கடை முத்திரையைக் குத்தி, சிவப்புத் துணி போட்ட கணக்குப் புத்தகத்தில் 'ராஜ்மாணிக் பாபு' என்று நிஜமாகவே எழுதிக்கொண்டார்.

அம்மா கொடுத்தனுப்பிய காசு என் ஜியாமெட்ரி பெட்டியில், காம்பஸுக்குப் பக்கத்தில். ஒன்றாம் தேதி வரை அது அங்கே தூங்கும். லாலா தருவது உதார். மாமா விடுவதும் உதார். இந்திக்குக் கடன், தமிழுக்கு ஜம்பம். நான் இரண்டு பாஷையிலும் உதார்.

1 ஆகஸ்ட், சனி

லாலா கணக்கு தீர்த்தேன். முப்பத்தெட்டு ரூபாய். "ஷாபாஷ், மேனேஜர் சாப்" என்றார்.

30 ஆகஸ்ட், ஞாயிறு

பெட்டியில் மூன்று ரூபாய் குறைகிறது. திருடன் யார் என்று விசாரித்ததில், அஜ்மல்கான் ரோடு கோல்கப்பா பூரி வண்டியும் என் வாயும் கூட்டாளிகள் என்று தெரிந்தது.

நாளை மறுநாள் ஒன்றாம் தேதி. என்ன செய்ய?

மத்தியானம் மாமா வந்தார். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் குறட்டை. கீழ்வீட்டு வாசலில் தொங்கிய 'டு-லெட்' பலகையைக் கழற்றி மாமாவின் ஸ்கூட்டரில் மாட்டினேன். நாலு மணிக்குள் மூன்று பேர் வந்து, எத்தனை ரூம், தண்ணீர் வருமா என்று கேட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆள் ஒரு சர்தார்ஜி. ஸ்கூட்டருக்கு அட்வான்ஸ் எவ்வளவு என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு கேட்டார். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"இதப் பண்ண பய யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு மருமவளே, மூணு ரூபா தாரேன்."

கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. பணத்தை முதலில் வாங்கிக்கொண்டேன்.

12 செப்டம்பர், சனி

ஃபிரிட்ஜ் பேங்க்கில் சேர்ந்தது. அம்மா புதுப் பானை வாங்கினாள்.

5 அக்டோபர், திங்கள்

தசரா லீவு. அப்பாவோடு நானும் பேங்க்குக்குப் போனேன். அங்கே ஏர்-கூலர் உண்டு என்பது தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை.

கார்டு கொடுக்கிற அதிகாரி மிஸஸ் சோப்ரா. மூக்கு நுனியில் கண்ணாடி. அப்பா உட்காருவதற்கு முன்பே, "மேடம், நான் திவாலாகி விடுதலையானவன்" என்றார்.

"முதலில் உட்காருங்கள்" என்றார் அந்த அம்மாள்.

கோர்ட் உத்தரவு பார்த்தார், சரி. டெபாசிட், சரி. தட்சிணாமூர்த்தி சார் கொடுத்த சர்டிபிகேட், சரி. "இன்னும் ஒன்றே ஒன்று. ஏதாவது ஒரு கடையில் உங்களுக்கு மாதக் கணக்கு இருக்கும் அல்லவா? வாங்கி, ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்ததாகக் கடைக்காரர் ஒரு வரி எழுதித் தரட்டும்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பெருமையாகவே சொன்னார்: "மூன்று வருடமாக நான் யாரிடமும் ஒரு பைசா கடன் வாங்கியதில்லை, மேடம்."

மிஸஸ் சோப்ரா பேனாவை மூடினார். "அதுதான் சிக்கல். வாங்காதவர் திருப்பிக் கொடுப்பார் என்று நான் எதை வைத்து எழுதட்டும்?"

அப்பா முகம் போன போக்கு! நல்ல பிள்ளையாக இருந்ததற்கு அடி வாங்கின மாதிரி.

ஏர்-கூலருக்குப் பக்கத்தில் எனக்கு வேர்த்தது. கணக்கு இருக்கிறது. மூன்று மாதமாக ஓடுகிறது. சிவப்புத் துணிப் புத்தகத்தில், அப்பா பேரில். சொல்லவா? சொன்னால் அப்பா விட்டாலும் அம்மா விடமாட்டாள்.

சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போதும் சொல்லவில்லை.

24 அக்டோபர், சனி

தீபாவளி முடிந்து கையில் இன்னும் மத்தாப்பு வாசனை. என் வேட்டு மட்டும் இன்றைக்குத்தான் வெடித்தது.

இத்தனை நாள் யோசித்துவிட்டு அப்பா இன்று காலை லாலாவிடம் போனார். கணக்கு ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டாராம். "எதற்கு ஆரம்பிப்பது பாபுஜி? ஜூலையிலிருந்து ஓடுகிறதே!" என்று லாலா புத்தகத்தைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். அப்பா, லாலா எடுத்துக் கொடுத்த என் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"ஏட்டி, இது யாரு பண்ணது?"

"எழுத்தப் பாத்தா தெரியலயாப்பா?"

அது சிரிப்பதற்கான நேரம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "என் பேர்ல மறுபடியும் கடனா..." என்றார். அவ்வளவுதான்.

அம்மாதான் கத்தினாள். "நான் எண்ணிக் குடுத்த காசெல்லாம் டப்பாவுல தூங்கிட்டு இருந்துச்சா? மூதி! உன்ன நம்பி ஒரு உப்புக்கு அனுப்ப முடியுமா?"

நான் என்ன திருடவா செஞ்சேன்? விளையாட்டுக்குத்தானே. ஒரு பைசா பாக்கி வச்சேனா? ஏன் எல்லாரும் செத்த வீடு மாதிரி உக்காந்திருக்காங்க?

அப்புறம் அப்பா கேட்டார்.

"ஒண்ணாந்தேதி தவறாம குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எல்லா மாசமுமா?"

"ஆகஸ்ட்டுல மூணு ரூபா இடிச்சுது. மாமாவோட ஸ்கூட்டர வாடகைக்கு விட்டுச் சமாளிச்சேன்."

அம்மா சட்டென்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். உள்ளே அவள் சிரித்தது கேட்டது. அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னது, நாப்பத்தொம்பது?" என்று கேட்டார். சொன்னேன்.

25 அக்டோபர், ஞாயிறு

மாமாவுக்கு ஒரே குஷி. "அத்தான், கும்பிடப் போன சாமி எதுக்க வந்திருக்கு! கணக்கு உங்க பேர்ல இருக்கு, லாலா எழுதித் தருவாரு. நேரா கொண்டுபோய்க் குடுங்க. டிசம்பருக்கு முன்னால கார்டு வந்துரும்."

அப்பா பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். பதில் சொல்லாவிட்டால் அப்பா ஏதோ நியாயமான காரியம் செய்யப் போகிறார். பயமாக இருக்கிறது.

28 அக்டோபர், புதன்

செய்துவிட்டார்.

லாலாவின் சர்டிபிகேட்டை மேஜையில் வைத்து, அதன் மேல் என் அட்டையையும் வைத்து, "பேர் என்னுடையது, மேடம். கணக்கு என் மகளுடையது. எனக்குத் தெரியாமல் நடந்தது" என்று சொல்லிவிட்டாராம். மிஸஸ் சோப்ரா அட்டையைப் பக்கத்து மேஜைக்காரர்களுக்கெல்லாம் காட்டிச் சிரித்தாராம். "இந்த பேங்க் மேனேஜருக்கு வேண்டுமானால் இன்றே கார்டு தருகிறேன்" என்றாராம். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் அப்பாவே தன் கையால் வாங்கித் தன் கையால் கொடுத்துவிட்டு வரட்டும் என்றாராம்.

ஆக, டிசம்பர் போயிற்று.

ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் போதும். அது பொய்கூட இல்லை. கேட்டால்தானே பொய்? யாரும் கேட்கவில்லையே! ரோடு வேணும் ரோடு வேணும்னு சொல்லிட்டு, ரோடு வாசல் வரைக்கும் வந்தப்ப கதவச் சாத்திட்டு வந்திருக்காரு. எனக்கு அழுகை வருது. அப்பா மேல கோவமா, என் மேலயான்னு தெரியல.

சாப்பிடவில்லை. அப்பா வந்து அட்டையை என் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுப் போனார்.

3 நவம்பர், செவ்வாய்

அப்பா லாலாவிடம் முதல் தடவையாக "லிக்கோ" என்றார். குரல், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் 'உள்ளேன் ஐயா' சொல்கிற பையன் குரல். உடனே ஓர் 'ஆனால்' சேர்த்துக்கொண்டார்: "லேகின் மைம் திவாலியா ஹூம்."

"தெரியும் பாபுஜி, தெரியும், தெரியும்" என்றார் லாலா.

29 நவம்பர், ஞாயிறு

போன ஞாயிறே இந்த மாதக் கணக்கு ஐம்பத்திரண்டு வந்துவிட்டது. அப்பா ஒரு சோப்பையும் தீப்பெட்டிக் கட்டையும் திருப்பி வைத்தார். நாற்பத்தொன்பதுக்குள் வந்தபிறகுதான் நகர்ந்தார். என் அட்டையில் இருப்பது விளையாட்டு எல்லை என்று அவருக்கு யார் சொல்வது? வாரம் பூராவும் கடலை மாவு போட்டுக் குளிக்கிறோம். நான் பஜ்ஜி வாசனையோடு பள்ளிக்கூடம் போகிறேன்.

5 டிசம்பர், சனி

மலேசியாக்காரர்கள் இன்று புறப்பட்டார்கள். கூட்டிப்போவது புதிதாகச் சேர்ந்த ராஜாராமன் என்ற அண்ணன். அப்பா காலையில் குளிரில் மப்ளர் கட்டிக்கொண்டு வழியனுப்பப் போனார். நானும் போனேன். எந்தப் படித்துறையில் பாசி வழுக்கும், எந்தக் கடையில் நம்ம ஊர்க் காப்பி கிடைக்கும், வயசானவர்களை எந்தப் பக்கம் உட்காரவைத்தால் வெயில் முகத்தில் அடிக்காது எல்லாம் அந்த அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். பஸ் நகர்ந்த பிறகும் கூடவே நாலு எட்டு நடந்தார்.

திரும்பி வரும்போது வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். நான் ஒன்றும் விளையாடவில்லை.

1 ஜனவரி 1988, வெள்ளி

இன்று லாலாவிடம் பாக்கி தீர்த்தார். "மைம் திவாலியா தா" என்றார். 'ஹூம்' போய் 'தா' வந்திருக்கிறது. திவாலாக இருந்தேன்! லாலா எனக்கு மட்டும் தெரியும்படி கண்ணடித்தார்.

1 பிப்ரவரி, திங்கள்

மூன்றாவது மாதமும் தீர்ந்தது. லாலா எழுதித் தந்த சர்டிபிகேட்டில் அப்பாவைப் பற்றி இரண்டு வரி, தன் கடை நெய்யைப் பற்றி மூன்று வரி.

18 பிப்ரவரி, வியாழன்

கார்டு வந்துவிட்டது!

சின்னதுதான். எல்லையும் சின்னதுதான். ஆனால் பேர் மேலே புடைத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் 'மாணிக்கம்' என்று விரலுக்குத் தெரிகிறது. அம்மா குங்குமம் வைக்கப் போனாள், மாமா தடுத்துவிட்டார். அப்பா அதைப் பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். புதுப்பெண் வெளியே வர இன்னும் முகூர்த்தம் பார்க்கவில்லை போலும்.

29 பிப்ரவரி, திங்கள்

மலேசியாவில் ஈப்போவிலிருந்து இருபத்திரண்டு பேர். அடுத்த ஞாயிறு புறப்பாடு. ராஜாராமன் அண்ணனை இந்தத் தடவை அனுப்பவில்லை. போன தடவை காசியில் இரண்டு பேரைத் தொலைத்துத் தேடினாராம். தட்சிணாமூர்த்தி சார் நேரில் வந்து சொன்னார். அம்மா காப்பி கொடுத்தாள். சர்க்கரை போட்டுத்தான் கொடுத்தாள், நான் குடித்துப் பார்த்தேன்.

5 மார்ச், சனி

நாளை விடிகாலையில் அப்பா புறப்படுகிறார். பீரோவைத் திறந்து கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டையெல்லாம் அந்துருண்டை வாசனை.

வழிக்குச் சாமான் வாங்க மூன்று பேருமாக லாலா கடைக்குப் போனோம். யாத்திரைக்காரர்களுக்கு நடுவழியில் வயிறு கெடும், தலை சுற்றும், சர்க்கரை குறையும். அப்பாவின் பையில் எப்போதும் மருந்து இருக்கும். ஓமம், சுக்கு, குளுக்கோஸ், பிஸ்கட், மெழுகுவத்தி, ஊறுகாய், நாலு சோப்பு. லாலா பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கூட்டினார்.

"ஐம்பத்து மூன்று, பாபுஜி."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சோப்பைப் பார்த்தேன். கை நீட்டி ஒன்றை எடுத்துத் திருப்பி வைக்கத் தயாராகவே இருந்தேன். கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். லாலா பென்சிலைப் பிடித்தபடி, அந்தத் திவால் வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். மூன்று வருஷமாகக் கேட்டுப் பழகினவர், பாவம்.

அப்பா பைக்குள் சோப்புகளை அடுக்கிக்கொண்டே, "லிக்கோ, லாலாஜி" என்றார்.

அப்புறம் என்னிடம் திரும்பி, "ஏட்டி, பராக்குப் பாக்காத. அந்தப் பைய எடு" என்றார்.